குருகு எதைப் பார்த்தது?

தலைநகரில் நம் சங்கம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், ஒரு சிறு உரைநடைப் பகுதியைப் படிக்கக் கொடுத்துச் சில வினாக்கள் கேட்டிருந்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றிய பகுதி அது. நெடுநாள் நோயுற்றிருந்த அவர் தைத் திங்களில் இயற்கை எய்தினார் என்று முடியும். இறுதியில் பெரியவர் என்ன ஆனார் என்பது கடைசி வினா. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மிக அழகான கையெழுத்தில் விடை எழுதியிருந்தான்: ‘பெரியவர் காட்டிற்குச் சென்றார்.’

உடனிருந்த பெற்றோர் சிரித்தனர். நானும் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்? வீடு திரும்பிய பின்னரே அச்சிரிப்பு உறுத்தியது. அவன் கவனமின்றி எழுதியவன் அல்லன். இயற்கை என்றால் மரமும் மலையும் காடும் என்று நாமே சொல்லிக் கொடுத்திருந்தோம். எய்துதல் என்றால் அடைதல் என்பதும் அவன் கற்றதே. இரண்டையும் கூட்டி ஒரு முடிவுக்கு வந்தான். சொற்பொருள் முழுவதும் அவனிடம் இருந்தது. பொருள் மட்டும் நழுவிவிட்டது. நோயில் நெடுநாள் கிடந்த ஒருவர் காட்டிற்கு ஏன் போகவேண்டும் என்று அவன் தன்னையே கேட்டுக் கொள்ளவில்லை. அப்படிக் கேட்கவேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவுமில்லை.

இதே சிறுவன் இந்தியில் இத்தகைய பிழை செய்யமாட்டான். பக்கத்து வீட்டு முதியவர் ‘குஜர் கயே’ என்று ஒருவர் சொன்னால், அவர் தெருவைக் கடந்து போய்விட்டார் என்று அவன் எழுதப் போவதில்லை. எனவே குறிப்பை உணரும் ஆற்றல் அவனுக்கு இல்லை எனல் தகாது. தமிழில் அதைப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்புத்தான் குறைவு. சாவைச் சாவென்று சொல்லாமல் வேறொன்றாகச் சொல்வதை நன்னூலார் மங்கலம் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் அடக்கினார். அவர் வகுத்தது ஏட்டுக்காக மட்டும் அன்று. வீட்டுப் பேச்சிலும் அவ்வழக்கு உண்டு. விடைபெறுகையில் ‘போகிறேன்’ என்னாமல் ‘போய் வருகிறேன்’ என்கிறோம். உறவினர் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தாய், மகனைப் பார்த்து ‘நேரம் என்ன ஆயிற்று?’ என்று கேட்கிறாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ‘ஏழரை’ என்கிறான். அவளுக்கு வேண்டியது கடிகாரத்தின் செய்தியன்று. எழுந்து விடைபெற ஒரு வாய்ப்பு. நம் இல்லங்களில் தமிழ் வரவரக் கட்டளைக்கும் சமையலறைக்கும் உரிய மொழியாகச் சுருங்கிவிட்ட நிலையில், இத்தகைய பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகும் பேறு பிள்ளைகளுக்குக் கிட்டுவதில்லை.

இக்குறையைப் போக்க நாம் கைக்கொண்டுள்ள மருந்து சொற்பொருள் பட்டியல். அது போதாது என்பது மட்டுமன்று, சில வேளைகளில் நோயை வளர்க்கவும் செய்கிறது என்பது என் கருத்து. வேறு மருந்து நம் கையிலேயே உண்டு. பிள்ளைகளுக்கு எட்டாது என்று நாம் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் சங்கப் பாட்டே அது. கேட்டவுடன் இது ஆசிரியனுக்கு உரிய பேராசை என்று தோன்றக்கூடும். நடந்ததைச் சொல்கிறேன்.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு கபிலர் பாடியது. ஐந்தே அடிகள். தலைவன் திருமணத்தை நீட்டித்துக்கொண்டே போகிறான். தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவன் தன்னோடு கூடிய அன்று அங்கே வேறு எவரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். இதன் பிறகு ஒன்று சொல்கிறாள். ஓடும் நீரில் ஆரல் மீனை நோக்கி நின்ற குருகு ஒன்றும் அங்கு இருந்ததாம். அதன் சிறிய பசிய கால்கள் தினையின் தாளைப் போன்றிருந்தனவாம். பாட்டு அவ்வளவே.

நான் பார்த்த துணைநூல் ஒன்று இதனைப் பின்வருமாறு முடித்திருந்தது: குருகு என்பது சாட்சி, ஆரல் என்பது தலைவி, குருகின் பார்வை என்பது தலைவனின் வேட்கை. மூன்று சமன்பாடுகள், மாணவன் மனப்பாடம் செய்து தேர்வில் இறக்கி வைக்கலாம். இவற்றுள் எதுவும் முழுப் பொய்யன்று. ஆயினும் இவற்றைப் படித்த மாணவன் பாட்டைப் படித்தவன் ஆகான். தானே கண்டடைய வேண்டியதை முன்கூட்டியே கையில் திணித்துவிட்டால் கண்டடையும் வேலை அவனுக்கு இல்லாமற் போகிறது. விடுகதையின் விடையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விடுகதையைக் கூறுவது போன்றதே இது.

வகுப்பில் நான் சமன்பாடுகளை ஒதுக்கிவிட்டுக் கதையை மட்டும் சொன்னேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எவரும் இல்லை என்று சொன்னவள் குருகு இருந்தது என்று எதற்காகச் சொல்கிறாள்? ஒரு சிறுவன், குருகு தலைவன் அனுப்பிய ஒற்றன் என்றான். மற்றொருவன், அது தலைவியின் தாய் பறவை வடிவில் வந்தது என்றான், திரைப்படத்தின் கைவண்ணம். இவ்வாறு சொல்பவர்களை நாம் கற்பனை வளம் என்று பாராட்டிவிடுகிறோம். அங்கேதான் ஒரு கண்டிப்பு வேண்டும். உய்த்துணர்தல் வேறு, நினைத்தபடி கட்டிக்கொள்ளுதல் வேறு. ‘நீ சொல்வதற்குப் பாட்டில் எந்தச் சொல் இடம் தருகிறது?’ என்று திருப்பிக் கேட்டேன். ஒற்றனுக்கும் தாய்க்கும் இடம் தரும் சொல் இல்லை என்பதை அவர்களே தேடிப் பார்த்து ஒப்புக்கொண்டனர்.

அப்பொழுது பின்வரிசையில் இருந்த ஒரு பெண், அதிகம் பேசாதவள், எழுந்தாள். குருகு என்றால் கொக்கு மாதிரியா என்று கேட்டாள். கொக்கு என்றும் நாரை என்றும் பலவாறு சொல்வர், அந்த இனம்தான் என்றேன். “எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நாலாவில் ஒன்று தினமும் நிற்கும், சார். அது நம்மைப் பார்க்கவே பார்க்காது. தண்ணியைத்தான் பார்க்கும்” என்றாள். சற்று நின்று, “அப்படியானால் அது எதையும் பார்த்திருக்காது, இல்லையா?” என்றாள்.

எத்தனையோ ஆண்டுகளாக இப்பாட்டைப் படித்தும் சொல்லியும் வந்தவன் நான். அதன் துயரம் அவ்வளவு நேராக என்மேல் விழுந்தது அன்றுதான். சாட்சி ஒன்று இருந்தது. அதற்கோ தன் மீனில்தான் கண். பேசத் தெரியாதது ஒருபுறம் இருக்க, பார்க்கவேயில்லை. ‘குருகும்’ என்னும் சொல்லின் இறுதியிலுள்ள உம்மை இடைச்சொல் அங்கே ஒரு சாட்சியைத் தருவதுபோல் காட்டித் தந்த கையாலேயே பறித்துக்கொள்கிறது. சொல்பவளும் அதை அறிந்தே சொல்கிறாள். இதைக் கண்டறிய அப்பெண்ணுக்கு உதவியது அகராதியன்று. அரசுக் குடியிருப்பின் சாக்கடைக் கால்வாய்.

இன்னொன்றும் உண்டு, இது எனக்குத் தோன்றுவது. தலைவி குருகின் கழுத்தைச் சொல்லவில்லை, அலகைச் சொல்லவில்லை, காலைச் சொல்கிறாள். தன் வாழ்வை அறுதியிட்ட ஒரு பொழுதில் அவளுக்கு நினைவில் நிற்பது ஒரு பறவையின் மெல்லிய பச்சைக் கால். தலை நிமிர்ந்திருந்தவளுக்கு அது கண்ணில் படாது. அவள் தலை கவிழ்ந்து நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாணம் என்ற சொல்லைக் கபிலர் இப்பாட்டில் எங்கும் ஆளவில்லை. தினைத்தாள் உவமையில் அதை வைத்துவிட்டார். உவமை என்றால் அழகு செய்வது என்று மட்டும் கற்பிக்கும் நாம், உவமை சொல்பவரின் கண் எங்கே இருந்தது என்று கேட்கக் கற்பிப்பதில்லை. (2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் அவை அறிவித்ததை ஒட்டித் தினை இங்கே கடைகளில் அழகான பொட்டலங்களில் வந்தது, தாளைத்தான் எவரும் விற்பதில்லை.)

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். பாட்டில் சொல்லப்படும் பொருள்களைக் கண்டவர்க்குத்தானே இக்குறிப்பெல்லாம் விளங்கும்? குறிஞ்சியும் மருதமும் காணாமல் யமுனைக் கரையில் வளரும் பிள்ளைகளுக்கு இவை எவ்வாறு உரிமையாகும்? இவ்வையத்தைத் தொல்காப்பியரே ஒருவகையில் எழுப்பிவிடுகிறார். தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களைக் களமாகக் கொண்டு, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணரவைப்பதை அவர் உள்ளுறை உவமம் என்றார். அதை யார் எப்படிச் சொல்லலாம் என்றும் உவமவியலில் வரையறுத்தார். தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளே அதில் வரவேண்டும். தோழி தன் நிலத்தை விட்டு அப்பாற் போய்ப் பேசக்கூடாது. நுட்பமான விதி. வீட்டை விட்டு அகலாத இளம்பெண் கடல்கடந்த பொருளை எடுத்துக்காட்டினால் அது புலவன் குரலாகிவிடும், அவள் குரலாக இராது. உவமை சொல்பவரின் வாழ்விலிருந்து பிறக்கவேண்டும் என்னும் இக்கொள்கையை இன்றைய சிறுகதை எழுத்தாளர் பலரும் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் இவ்விதி பேசுபவர்க்கு உரியது, கேட்பவர்க்கு அன்று. கேட்பவர் காணாத நிலத்தையும் குறிப்பால் அடையலாம் என்பதற்குத் தொல்காப்பியர் பொருளியலில் கூறும் இறைச்சியே சான்று. உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் உள்ள வேறுபாட்டில் உரையாசிரியர்கள் தம்முள் மாறுபடுவர்; அவ்வழக்கிற்குள் நாம் இங்கு இறங்கவேண்டியதில்லை. ஒப்பீட்டை உறுப்புறுப்பாகப் பொருத்திப் பார்க்க இடம் தருவது உள்ளுறை. அவ்வாறு பொருத்த வேண்டாமல், சொன்ன பொருளுக்குப் புறத்தே ஒரு குறிப்பைத் தோற்றுவிப்பது இறைச்சி என்று கொண்டால் நமக்குப் போதும். பிரிவால் வருந்தும் தலைவியைத் தோழி தேற்றும்போது, அவன் சென்ற வழியில் நிகழும் அன்புக் காட்சியை எடுத்துக் கூறுதலும் அவளை ஆற்றுவிக்கும் என்கிறார் தொல்காப்பியர்.

குறுந்தொகையின் 37ஆம் பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ இதைத்தான் செய்கிறார். அவர் உன்மேல் மிகுந்த விருப்பம் உடையவர், அருளவும் செய்வார் என்று தோழி தொடங்குகிறாள். அதன்பின் ஒரு காட்சி. அவர் சென்ற வழியில், தன் பிடியின் பசியைத் தீர்க்க, பெரிய கையை உடைய ஆண்யானை யா மரத்தின் பட்டையை உரிக்கும். யானையைப் பார்த்தால் அவனுக்கு உன் நினைவு வரும், வந்தால் திரும்புவான் என்று அவள் விரித்துச் சொல்லவில்லை. யானையோடு நிறுத்திக்கொள்கிறாள். மிச்சத்தைத் தலைவியிடம் விட்டுவிடுகிறாள்.

இப்பாட்டில் எவரும் அதிகம் எண்ணிப் பார்க்காத ஒன்று உண்டு. அந்தப் பாலை வழியில் தோழி நடந்ததில்லை, தலைவியும் நடந்ததில்லை. இருவரும் வீட்டில் இருக்கின்றனர். யானை பட்டை உரிப்பதைப் பிறர் சொல்லக் கேட்டிருக்கலாம். ஆயினும் அக்காட்சி தலைவியைத் தேற்றவல்லது என்றே புலவர் நம்புகிறார். காணாத நிலம் கேள்வியால் வந்து, அன்பு என்னும் அறிந்த பொருளோடு சேர்ந்து, ஆறுதலாக முடிகிறது. பொருள்தேடி வடக்கே வந்தவரின் வீட்டுக் கடிதங்களைப் படித்த பழைய தலைமுறைக்கு இது புதிதன்று. டில்லிப் பனியைக் காணாத மனைவிக்குக் கணவன் எழுதிய, ‘இங்கே காலையில் தண்ணீர் தொடமுடியவில்லை’ என்ற ஒரு வரி, வானிலைச் செய்தியாகவா படிக்கப்பட்டது?

எனவே மண்ணில் பிறந்தவர்க்கே பாட்டு உரியது என்னும் பேச்சை நான் ஏற்பதில்லை. பொருளைப் பற்றிய அறிவு வேண்டும். அதைக் கேட்டும் பெறலாம், ஓக்லா அணைக்கட்டின் அருகே நீர்ப்பறவைகளைப் பார்த்தும் பெறலாம். அதனினும் முதன்மையானது, இது இங்கே ஏன் சொல்லப்பட்டது என்ற கேள்வி. அக்கேள்விக்கு இடமே இன்றிச் செய்துவிடுவதுதான் துணைநூல்களின் பெருங்கேடு. வண்டியில் மயிற்பீலியை அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்னும் குறளைத் தனியே எடுத்துக் கொடுத்தால், அளவறிந்து சுமை ஏற்றுக என்றே பிள்ளை எழுதும், அதில் தவறில்லை. அது வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது என்ற ஒன்றைச் சொன்னால் போதும்; எளிய பகைவர் பலராகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அதே பிள்ளை தானே எட்டிவிடும். சூழலைக் கொடுக்கவேண்டும், முடிவைக் கொடுக்கக்கூடாது.

அதற்காக உரையே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டா. குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் செய்த உரை நமக்குக் கிடைக்கவில்லை. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும், 1937இல் உ. வே. சாமிநாதையரும் உரையோடு பதிப்பித்ததனாலேயே இந்நூல் நம்மனோர் கைக்கு எட்டியது. ஐயர் பதிப்பின் கதை ஒன்று நமக்குத் தனியே உரியது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த ஏ. கே. இராமானுசன், 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் தேடிப் போனவர், அங்கே அப்பதிப்பைக் கண்டு புத்தக அடுக்குகளுக்கிடையே தரையிலேயே உட்கார்ந்து படித்தார். உரைநடை விளக்கம் தெளிவாக இருந்தது. அதன் வழியே பாட்டுகள் திறந்துகொண்டன. 1967இல் வெளிவந்த அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு உலகெங்கும் குறுந்தொகையைக் கொண்டு சென்றது. மைசூர், சிகாகோ இரண்டுமே தமிழ்நாட்டிற்கு வெளியே உள்ளவை என்பதை நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

துணைநூலும் உரைதானே, ஐயர் எழுதியதும் உரைதானே என்று கேட்கலாம். ஐயர் பதவுரை தருகிறார், சொல்லின் வழக்கிற்குப் பிற இடங்களைக் காட்டுகிறார், குறிப்பை இன்னதெனக் கூறும்போதும் பாட்டின் எந்தச் சொல்லால் அது பெறப்படுகிறது என்று காட்டிவிடுகிறார். படிப்பவன் அவரோடு மாறுபடவும் முடியும். வழியைக் காட்டாமல் ஊரை மட்டும் எழுதி வைக்கும் துணைநூலோடு மாறுபட எதுவுமில்லை. அதேபோது, பழைய உரையாசிரியர் கூறிய குறிப்பனைத்தும் தலைமேற் கொள்ளத்தக்கது என்றும் நான் கருதவில்லை. கலித்தொகைக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் உள்ளுறையை விரிக்கும் சில இடங்களில், பாட்டு தாங்கக்கூடியதைவிட மிகுதியாக ஏற்றிவிடுகிறாரோ என்று தோன்றும். பீலிதான், ஆயினும் அச்சு முறியக்கூடும்.

மாறுபடுவதன் இன்பத்தை, மாலையில் கூடும் பெரியோர் வட்டத்தில் அண்மையில் கண்டோம். ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை 8ஆம் பாட்டு அன்று எங்கள் முன் இருந்தது. சிறுவர் வகுப்புக்கு உரியதன்று. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்வியுற்ற காதற்பரத்தை, தலைவியின் சார்பினர் கேட்கும்படி பேசுவதாக அதன் துறைக்குறிப்புக் கூறுகிறது. வயலோரத்து மாவிலிருந்து தானாக உதிரும் கனியைப் பொய்கையிலுள்ள வாளை மீன் கவ்வும் ஊருக்கு உரியவன் அவன். எங்கள் இடத்தில் பெருமை பேசுவான். தன் வீட்டில், கண்ணாடியில் தோன்றும் பாவை எதிரே நிற்பவர் கைகாலைத் தூக்கத் தானும் தூக்குவதுபோல, தன் மகனின் தாய்க்கு வேண்டியதைச் செய்வான் என்கிறாள். கண்ணாடிப் பாவை வெளிப்படை உவமை. அதில் ஐயத்திற்கு இடமில்லை, சிரிப்பிற்கே இடம். மாங்கனியும் வாளையும் உள்ளுறை.

அந்த வாளை யார்? பரத்தைதான் என்றேன் நான். நாங்கள் வலைவீசிப் பிடிக்கவில்லை, கனி தானே விழுந்தது என்று தன்மேல் சாட்டிய பழியை மறுக்கிறாள். துறைக்குறிப்பும் அதற்கே துணை நிற்கிறது. கனியைச் சிரமமின்றிப் பெறுபவள் மனைவியே ஆகலாம் என்று ஓர் அன்பர் வாதாடினார். எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருவரையும் விட்டுவிட்டு, “அந்த மாமரம் யாருடையது?” என்று கேட்டார். மரம் வயலோரத்தில் நிற்கிறது. வயலுக்கு உடையவர் இருப்பார். கனி முற்றித் தானே உதிரும்வரை பறிக்காமல் விட்டவர் யார் என்றும் அவள் குத்திக் காட்டுகிறாள் என்பது அம்மையார் கருத்து. பாட்டில் இடம் இருக்கிறதா என்று தேடினோம். இருந்தது.

ஆனால் மனைவியின் பக்கம் பேசிய அன்பர் விடுவதாக இல்லை. வாளை என்பது எத்தகைய மீன் என்று தெரியாமல் அதன் நிரபராதத்தை எப்படி ஏற்பது என்றார். மறுவாரம் சித்தரஞ்சன் பார்க் மீன்சந்தைக்கே போய் வந்துவிட்டார். நன்னீர் வாளையை வங்காளியர் போயால் என்கின்றனர். கடைக்காரர் ஒன்றைத் தூக்கி அதன் வாயைத் திறந்து காட்டினாராம். தலை முழுவதும் வாயாக இருந்ததாம், உள்ளே வரிசையாகச் சிறு பற்கள். கண்ணில் பட்ட மீனையெல்லாம் விழுங்கும் இனம் அது என்றும் சொன்னாராம். கனி விழட்டும் என்று பேசாமல் காத்துக்கிடக்கும் சாதுவன்று. இது தெரிந்தே அவள் தன்னை வாளை என்றாளா, தன்னை அறியாமல் வாய்விட்டாளா, அல்லது அவளை அப்படிப் பேசவிட்டு ஆலங்குடி வங்கனார் ஒதுங்கி நின்று பார்க்கிறாரா என்று இப்பொழுது மீண்டும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.